டிராக்டரின் பின் அச்சுக்கு எந்த எண்ணெய்?

எஞ்சின் எண்ணெயில் நம் உழவர்கள் இப்பொழுது நல்ல கவனம் செலுத்துகிறார்கள். காலையில் அளவுக் குச்சியை உருவிப் பார்க்காமல் டிராக்டரைக் கிளப்புவோர் குறைவு. ஆனால் இருக்கைக்கு அடியில், இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவே உள்ள இரும்புக் கூட்டில் என்ன எண்ணெய் இருக்கிறது என்று கேட்டால், "தொண்ணூறு ஆயில்தானே" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விடை பாதிதான் சரி. மறு பாதியை அறியாததால் ஏற்படும் நட்டத்தையும் ஆபத்தையும் ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்கலாம்.

சென்னைக்குத் தெற்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே மணற்பாங்கான நிலத்தில் அமைந்த ஊர் பாலவாக்கம். 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இவ்வூரில் இன்று உழவுக்கு நிலம் இல்லை; ஆனால் கடலோரக் குப்பத்தில் டிராக்டருக்கு வேலை உண்டு. கடலிலிருந்து வரும் பைபர் படகைக் கயிறு கட்டி மணல் மேட்டுக்கு இழுக்க வேண்டும். அதற்காகப் பின் சக்கரம் அலையில் நனையும் வரை டிராக்டரைப் பின்னுக்கு ஓட்டுவார்கள். அப்படிச் சில ஆண்டுகள் உழைத்த ஒரு டிராக்டரைத் திருக்கழுக்குன்றம் பக்கத்து உழவர் ஒருவர் குறைந்த விலைக்கு வாங்கினார். எண்ணெயில் மூழ்கி வேலை செய்யும் பிரேக், அதாவது "ஆயில் பிரேக்" உள்ள வண்டி அது.

வாங்கியதும் அவர் செய்த முதற் காரியம் நல்ல காரியமே. பின் அச்சின் வடிகால் திருகைக் கழற்றிப் பார்த்தார். பால் கலந்த தேநீர் நிறத்தில் எண்ணெய் இறங்கியது. அதை முழுவதும் வடித்துவிட்டு, கடையில் உள்ளதிலேயே உயர்ந்த "தொண்ணூறு" வேண்டும் என்று கேட்டு வாங்கி ஊற்றினார். சில நாட்களில் பிரேக் மிதித்தால் கீச்சென்று அலறத் தொடங்கியது; வண்டியும் உதறியது. மறுபடியும் கடைக்குப் போனார். "இதை ஊத்துங்க அண்ணே, சத்தம் நின்னுடும்" என்று ஒரு சிறு புட்டி கொடுத்தார்கள். சத்தம் நின்றது உண்மை. அறுவடையின்போது நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரைச் சரிவில் இறங்குகையில் பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் டிரெய்லர் தள்ள, அவர் பதறாமல் வண்டியைப் பக்கத்து வரப்பில் ஏற்றி நிறுத்தினார். மூட்டைகள் சில சேற்றில் விழுந்தன. உயிருக்குச் சேதமில்லை.

அவர் மலிவான எண்ணெய் வாங்கவில்லை. போலி எண்ணெயும் வாங்கவில்லை. அவர் ஊற்றியது நல்ல எண்ணெய்தான். ஆனால் அது வேறு வகை அச்சுக்கு உரிய எண்ணெய்.

கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் அதன்மேல் சுழல்கிறது. வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் ஓடுகின்றன. ஒன்றுக்கு மற்றொன்று தடையில்லை. அந்த அச்சுக்கு வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை போதுமானதாக இருந்தது. டிராக்டரில் நிலைமை வேறு. எஞ்சினின் விசை இரண்டு பின் சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். அதே சமயம் திரும்பும்போது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே செய்வதுதான் டிஃபரன்ஷியல். அதற்கு முன்னால் பினியன் என்ற சிறு பற்சக்கரமும், கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் சேர்ந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்புகின்றன. வேகம் குறைந்து இழுவை கூடுவதும் இங்கேதான். ஆகவே பற்களின் மேல் விழும் அழுத்தம் மிக அதிகம்.

கிரவுனும் பினியனும் அமையும் விதத்தில் இரண்டு வகை உண்டு. பினியனின் நடுக்கோடு கிரவுனின் நடுக்கோட்டை நேராகச் சந்தித்தால் பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளும். டிராக்டர்களில் இந்த அமைப்பே மிகுதி. பினியனைச் சற்றுக் கீழே இறக்கி அமைத்தால் அது ஹைபாய்ட் எனப்படும். 1920களில் அமெரிக்கக் கார்களில் இது புகுந்தது. பினியன் தாழ்ந்ததால் நீள் தண்டும் தாழ்ந்து, காரின் தரையையும் தாழ்வாக அமைக்க முடிந்தது. ஜீப், பின் சக்கரத்தால் ஓடும் சரக்கு வண்டி, நம் நாட்டில் 2014 வரை தயாரான அம்பாசடர் கார் ஆகியவற்றின் பின் அச்சு இவ்வகையைச் சேர்ந்தது. ஹைபாய்டில் பற்கள் உருள்வதோடு நீளவாட்டில் தேய்த்து வழுக்கவும் செய்கின்றன. அந்தத் தேய்ப்பில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்து, பல்லின் முகம் சொரசொரப்பாகிவிடும்.

இதைத் தடுக்கவே மிகை அழுத்தம் தாங்கும் சேர்மானங்கள் கியர் எண்ணெயில் சேர்க்கப்படுகின்றன. இவை பெரும்பாலும் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய பொருள்கள். பல்லின் முகத்தில் சூடு ஏறும் இடத்தில் இவை இரும்புடன் வினைபுரிந்து மெல்லிய தோல்போல் படிகின்றன. அந்தத் தோல் தேய்ந்து போகும், பல் தப்பிக்கும். கியர் எண்ணெய்க்கு உரிய நெடி பெரும்பாலும் இந்தக் கந்தகச் சேர்மானத்தால் வருவது. ஆயினும் மோந்து பார்த்து வகையைக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தொண்ணூறு என்பது எதைக் குறிக்கிறது?

90 என்ற எண் எண்ணெயின் தடிப்பை மட்டுமே குறிக்கிறது. தரத்தையோ சேர்மானத்தையோ குறிப்பதில்லை. எஞ்சின் எண்ணெய் 40 என்றும் கியர் எண்ணெய் 90 என்றும் சொல்லப்படுவதால், கியர் எண்ணெய் இருமடங்கு தடிப்பானது என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 40 எஞ்சின் எண்ணெயின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்கும். 50 எண்ணெய் 16.3இல் தொடங்கி 21.9 வரை போகும். 90 கியர் எண்ணெயோ 13.5 முதல் 18.5 வரைதான். அதாவது 90 என்பது ஏறத்தாழ 40க்கும் 50க்கும் ஒப்பான தடிப்புதான். 140 என்று குறிக்கப்படுவதே உண்மையில் தடித்த எண்ணெய். அது 24க்கு மேல் போகிறது.

80டபிள்யூ-90 என்று டப்பாவில் போட்டிருந்தால், குளிரிலும் உறையாமல் ஓடும், சூட்டில் 90இன் தடிப்புடன் நிற்கும் என்பது பொருள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. நம் சமவெளியில் அதனால் பெரிய நன்மை இல்லை, கெடுதலும் இல்லை. 90 கேட்கும் வண்டிக்கு 80டபிள்யூ-90 தாராளமாக ஊற்றலாம்.

எது தரத்தைச் சொல்கிறது? அதே டப்பாவில் ஜி.எல்.4 அல்லது ஜி.எல்.5 என்று அச்சிட்டிருப்பார்கள். இது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த பிரிவு. ஜி.எல்.5 ஹைபாய்டுக்காக ஏற்பட்டது. அதில் மிகை அழுத்தச் சேர்மானம் பொதுவாக ஜி.எல்.4இல் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஒரே கம்பெனி இரண்டு வகையிலும் 90 எண்ணெய் விற்கிறது. டப்பாவின் நிறம்கூட ஒன்றாக இருக்கலாம். 4ஐவிட 5 பெரிய எண், எனவே மேலானது என்று எண்ணுவதே நாம் அடிக்கடி காணும் பிழை. திருக்கழுக்குன்றத்து உழவர் செய்ததும் அதுவே. பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள கியர் பெட்டியில் கந்தகம் மிகுந்த எண்ணெய் நாளடைவில் அப்பாகங்களைக் கறுக்கச் செய்து அரிக்கக் கூடும். கியர் மாற்றுகையில் பற்றிப் பிடிக்க வேண்டிய வெண்கல வளையங்கள் வழுக்கவும் செய்யும். ஆகவே ஹைபாய்ட் அச்சுள்ள ஜீப்பின் பின் கூட்டுக்கு ஜி.எல்.5 தேவை; அதே ஜீப்பின் கியர் பெட்டிக்குப் பெரும்பாலும் ஜி.எல்.4 போதும். ஒரே வண்டியில் இரண்டு வகை எண்ணெய் என்பது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். நெல்லுக்கும் வாழைக்கும் ஒரே உரமா இடுகிறோம்?

ஒரே கூடு, பல வேலைகள்

டிராக்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. லாரியிலோ ஜீப்பிலோ டிஃபரன்ஷியல் கூடு தனியானது. பெரும்பாலான டிராக்டர்களில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பு எல்லாம் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹைட்ராலிக் பம்பைப் பின் அச்சுக் கூட்டுக்குள்ளேயே வைக்கும் முறை ஹாரி பெர்குசன் காலத்திலிருந்து வருவது. அவர் பெயர் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்கள், 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வழியாகத் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தன. ஆயில் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் தட்டுகளும் இதே எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே இந்த எண்ணெய் ஒரே நேரத்தில் நான்கு முதலாளிகளுக்கு வேலை செய்கிறது. பற்களுக்கு இடையே வழுக்க வேண்டும். பிரேக் தட்டுகளுக்கு இடையே வழுக்கக் கூடாது. பம்பு எளிதில் உறிஞ்சும் அளவு இளகியிருக்க வேண்டும். பேரிங்கில் நிற்கும் அளவு தடித்தும் இருக்க வேண்டும். இதற்கென்றே செய்யப்படும் எண்ணெய்க்கு யு.டி.டி.ஓ. என்று பெயர். சில கடைகளில் "வெட் பிரேக் ஆயில்" என்று கேட்டால்தான் தெரியும். பிரேக் தட்டு உதறாமலும் நழுவாமலும் பிடிப்பதற்குரிய அளவில் உராய்வைச் சரிசெய்யும் பொருள் இதில் தொழிற்சாலையிலேயே கலக்கப்பட்டுள்ளது. ஜி.எல்.5 எண்ணெய் அந்தக் கணக்கில் செய்யப்பட்டதன்று. அதை ஆயில் பிரேக்கில் ஊற்றினால் தட்டுகள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு உதறும். அந்த உதறல்தான் நம் உழவர் கேட்ட அலறல். 140 எண்ணெயை ஊற்றினால் வேறு தொல்லை: காலை நேரத்தில் பம்பு உறிஞ்சத் திணறும், கலப்பை மெதுவாகத் தூக்கும். ஹைட்ராலிக் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பம்பைக் கழற்றிச் செலவழித்தவர்களும் உண்டு.

தங்கள் வண்டிக்கு எது என்பதை எப்படி அறிவது? வண்டியோடு வந்த கையேட்டில் எண்ணெய் வகையும் லிட்டர் அளவும் தெளிவாக இருக்கும். பழைய வண்டி வாங்கியவருக்குக் கையேடு கிடைக்காது. அவர்கள் அதே மாதிரி வண்டியை விற்கும் விற்பனையாளரிடம் எஞ்சின் எண், சேசிஸ் எண்ணைக் காட்டிக் கேட்கலாம். 1955 முதல் மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் இயங்கும் நடுவண் அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து வெளியிடும் அறிக்கைகளிலும் எந்தக் கூட்டுக்கு எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்ற விவரம் காணப்படும். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரானால் முன் அச்சிலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. அதற்கும் அதன் இரு முனைகளில் உள்ள கியர்களுக்கும் தனி எண்ணெய். அந்த முனைகளைப் பலர் ஆண்டுக்கணக்கில் திறப்பதே இல்லை. பவர் டில்லர் வைத்திருப்போருக்கு இந்தக் கவலையில் ஒரு பகுதி குறைவு. அதில் டிஃபரன்ஷியல் கிடையாது; கைப்பிடியில் உள்ள கிளட்சை அழுத்தி ஒரு பக்கச் சக்கரத்தின் விசையைத் துண்டித்துத் திருப்புகிறோம்.

புட்டியில் விற்கும் சேர்மானங்கள்

கடைகளில் சத்தம் குறைய, தேய்மானம் குறைய, பழைய கியர் புதிதாக என்று பலவகைப் புட்டிகள் விற்கின்றன. எமது கருத்து இது: டிராக்டர் பின் அச்சுக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. எண்ணெய் தயாரிப்பவர் சேர்மானங்களை ஒன்றுக்கொன்று முரண்படாமல் அளந்து சேர்த்திருக்கிறார். அதில் நாம் மேலும் ஊற்றினால் அந்தக் கணக்கு கெடுகிறது. குழம்பில் உப்பு அளவாக இருக்கும்போது இன்னொரு கரண்டி போடுவதற்கு இது சமம்.

உராய்வைக் குறைக்கும் புட்டிக்கு உரிய இடம் ஒன்றே ஒன்று. சில ஜீப், கார்களில் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் மறு சக்கரத்துக்கும் விசை போகும்படி, டிஃபரன்ஷியலுக்குள் கிளட்சுத் தட்டுகள் அமைந்திருக்கும். திரும்பும்போது அத்தட்டுகள் உதறாமல் இருக்க, கையேடு சொல்லும் அளவில் அந்தச் சேர்மானம் தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் இதற்குத் திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெயைக்கூடப் பயன்படுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபின் செயற்கைப் பொருள்களும் தாவர எண்ணெயிலிருந்து செய்தவையும் அவ்விடத்தைப் பிடித்தன. நம் டிராக்டரிலோ, காலால் மிதிக்கும் டிஃபரன்ஷியல் லாக் இரு பக்கத்தையும் இரும்புப் பற்களால் பூட்டிவிடுகிறது. அதற்கு எந்தப் புட்டியும் வேண்டாம்.

அதே புட்டியை ஆயில் பிரேக் வண்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? உராய்வு குறையும், அலறல் நிற்கும், பிரேக்கும் பிடிக்காது. ஏரிக்கரையில் நேர்ந்தது அதுவே. சத்தம் அடங்கியதைக் குணமானதாக அந்த உழவர் எடுத்துக்கொண்டார்.

பழைய வண்டி வாங்குவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். தேய்ந்த கிரவுன் பினியன் ஊளையிடும். அந்த ஊளை கேளாமல் இருக்க, விற்பதற்கு முன் எண்ணெயில் மரத்தூளைக் கலந்துவிடுவது பல நாடுகளில் அறியப்பட்ட பழைய வியாபாரத் தந்திரம். எனவே ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது; வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தி, வரும் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். திருகு காந்தமுள்ளதாயின் அதன் முனையில் மைபோல் நுண்ணிய இரும்புப்பொடி ஒட்டியிருப்பது இயல்பு. செதில்களோ பல் துண்டோ இருந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நீர் புகும் வழி

எண்ணெய் வகையைச் சரியாகத் தேர்ந்தபின்னும் அதைக் கெடுக்கும் முதற் பகை நீர். உழைத்த அச்சு சூடாக இருக்கும். உள்ளிருக்கும் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் கூடு திடீரெனக் குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பாலவாக்கத்து அலையிலும் தஞ்சைச் சேற்றிலும் இது ஒன்றே. ஆனால் கடல் நீரில் உப்பும் சேர்வதால் பேரிங்குகள் விரைவில் துருவேறுகின்றன. கேஜ் வீல் பூட்டிச் சேறடிப்போர், பருவம் தொடங்குமுன் காற்றுத் துளையில் மண் அடைத்திருக்கிறதா, அச்சு முனை சீல் கசிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தென்பகுதியில் எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. அவ்வாறு அச்சு மூழ்கிய வண்டியை எண்ணெய் மாற்றாமல் ஓட்டுவது கூடாது.

நீர் கலந்ததை அறியச் சோதனைச்சாலை வேண்டியதில்லை. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் வடிகால் திருகை மெல்லத் தளர்த்தினால், கலவாத நீர் இருக்குமாயின் அதுவே முதலில் சொட்டும். பால்போல் கலந்துவிட்டிருந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும். ஐயமிருந்தால் ஒரு துளியைச் சூடான தோசைக் கல்லில் விடுங்கள். நீர் இருந்தால் சடசடவென்று பொரியும். அந்தக் கல்லை மீண்டும் சமையலறைக்கு அனுப்ப வேண்டாம்.

மாற்றும் முறை

பல டிராக்டர்களின் கையேடு 1000 மணி நேர ஓட்டம் என்ற அளவில் இந்த எண்ணெயை மாற்றச் சொல்கிறது. சேறடிக்கும் வண்டிக்கு மணிக்கணக்கை எதிர்பாராமல் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றிவிடுவது நல்லது. சற்று நேரம் ஓட்டி, எண்ணெய் இளகியபின் சமதரையில் நிறுத்தி வடிக்க வேண்டும். நீர் கலந்திருந்தால் ஒருமுறை வடித்தால் போதாது. அதே வகை எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, பின் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்குகட்டை கொடுத்து, முன் சக்கரங்களுக்கும் அடைகட்டை வைத்து, சில நிமிடம் மெதுவாகச் சுழலவிட்டு அதையும் வடித்துவிட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை நாம் ஆதரிப்பதில்லை. மூலை முடுக்கில் தங்கும் மண்ணெண்ணெய் புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். புது எண்ணெயை அளவுத் துளை அல்லது குச்சி காட்டும் மட்டத்துக்கே ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் நுரைக்கும், சூடேறும், சாதாரண பிரேக் உள்ள வண்டியில் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் இறங்கிவிடும்.

வடித்த எண்ணெயை மணலில் கொட்டுவோர் அதிகம். திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் மணல்தான் பாலவாக்கம் முதலிய ஊர்களின் கிணறுகளுக்கு நன்னீரைச் சேமித்து வைத்திருக்கிறது. அந்த மணலில் எண்ணெய் விரைவாக இறங்கும். வயல் மண்ணும் அதனால் கெடும். பழைய எண்ணெயை டின்னில் அடைத்து, சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். காலியான புது எண்ணெய் டப்பாவை அப்படியே எறியாமல் ஓட்டையிட்டு எறிந்தால், அதில் போலி நிரப்பி விற்பவருக்கு அது உதவாது.

திருக்கழுக்குன்றத்து டிராக்டரில் ஜி.எல்.5 எண்ணெயும் புட்டிச் சரக்கும் முழுவதும் வடிக்கப்பட்டு, கையேட்டில் கண்ட யு.டி.டி.ஓ. எண்ணெய் ஊற்றப்பட்டது. ஒரு வாரம் வெறும் வண்டியாக ஓட்டியபின் அதையும் வடித்து மறுபடி புதிது ஊற்றினார்கள். வலப்பக்கப் பிரேக் சரியாகப் பிடித்தது. இடப்பக்கத்துத் தட்டுகள் மட்டும் தேறவில்லை. அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. இப்பொழுது அவர் எண்ணெய் வாங்கப் போகும்போது, பழைய டப்பாவிலிருந்து வெட்டியெடுத்த அட்டையைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்கிறார். கடைக்காரரிடம் 90 என்று சொல்வதில்லை.